பக்கெற்றைத் திருப்பி வைத்தவர்

டண்டினொங்கிலும் அதைச் சுற்றியும் குடியிருக்கிற தமிழர்களை இரண்டே இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். நாலரை அங்கிளோடு சண்டை பிடித்தவர்கள் ஒரு வகை. சண்டை பிடிக்க நேரம் கிடைக்காதவர்கள் மற்ற வகை. நான் முதல் வகை. அதிலும் முன்வரிசை. மற்றவர்கள் வாயால்தான் சண்டை பிடித்தார்கள். நான் கடிதம் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

அந்த மனிதர் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் என் மகளின் ஆறு பற்கள் அவளுடைய வாயிலேயே இருந்திருக்கும். கேட்கவில்லை. ஆகவே இது என்னுடைய விசர்த்தனத்தின் கதையும்தான். சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள், நான் கோபிக்க மாட்டேன். என் கோபத்தையெல்லாம் தேவையில்லாத இடத்தில் அப்போதே செலவழித்துவிட்டேன்.

ஆளைச் சொல்கிறேன். ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான வயது. கட்டையான, ஒட்டி உலர்ந்த உடம்பு. தொழிற்சாலைக்காரர் போடுகிற பளிச்சென்ற மஞ்சள் மேலங்கியை வேலை இல்லாத நாளிலும் கழற்ற மாட்டார். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குள் போகும்போது மட்டும் வேறு வழியில்லாமல் கழற்றி, நாலாய் மடித்துச் செருப்புக்குப் பக்கத்தில் வைப்பார். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் தாயத்து ஏதும் இல்லை, ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். மலிவுக் கடையில் வாங்கியது. கடையில் சாப்பாட்டுச் சாமான் அடைத்த எந்தப் பக்கெற்றைக் கண்டாலும் அதைத் தூக்கி, முதுகைத் திருப்பி, கண்ணாடியை வைத்து வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

தெரியாதவர்களுக்காக ஒன்று. டண்டினொங்கும் சிட்னியும் இருக்கிற இந்த நாட்டில் சாப்பாட்டுப் பக்கெற்றின் முகப்பில் நட்சத்திரம் போடுவார்கள். அரையிலிருந்து ஐந்து வரை. நட்சத்திரம் கூடக் கூட உடம்புக்கு நல்லது என்று அர்த்தம். பிள்ளைகளின் புள்ளியைப் பார்த்தே பழகிய நம் சனத்துக்கு இது நன்றாகப் பிடித்துப்போயிற்று. நாலரை என்றால் கிட்டத்தட்ட வகுப்பில் முதலாம் பிள்ளை. போடுவதும் விடுவதும் கொம்பனியின் விருப்பம் என்பதையோ, பெயில் விட்ட பக்கெற் தன் றிப்போட்டை வீட்டுக்குக் கொண்டுவராது என்பதையோ எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. நட்சத்திரத்தைப் பார்த்தோம், வண்டிலில் போட்டோம், வீட்டுக்குப் போனோம்.

அங்கிள் மட்டும் யோசித்தார். நாலரை நட்சத்திரப் பக்கெற் ஒன்றைக் கண்டால் போதும், நாக்கைச் சப்புக்கொட்டி, "நாலரையாம்! ஆருக்கு நாலரை?" என்று அந்தப் பக்கெற்றிடமே கேட்பார். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் அவருக்கு நாலரை அங்கிள் என்று பெயர் வைத்தார்கள். அவர் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைகாட்டுவதால், தாய்மார் நாங்கள் எங்களுக்குள் "ஏழரைச் சனி காணாதெண்டு நாலரைச் சனியும் வந்திட்டுது" என்று சொல்லிச் சிரிப்போம். அவருடைய உண்மையான பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள்.

முதலில் கஷ்டப்பட்டவர் கடைக்காரர் குணம் அண்ணை. டண்டினொங்கில் நாங்கள் மரக்கறியும் மிளகாய்த்தூளும் வாங்குகிற கடை அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போகும்போது, மனிதர் பிஸ்கற் தட்டுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இதென்ன பிள்ளை, பிஸ்கற் எல்லாம் என்னோடை கோவமோ? முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குது!"

பார்த்தேன். உண்மைதான். ஒரு தட்டு விடாமல் எல்லாப் பக்கெற்றும் சுவரைப் பார்த்து நின்றது. சிரிக்கிற பிள்ளையின் படம் ஒன்றையும் காணோம். வெள்ளைத்தாளில் சின்ன எழுத்து மட்டும்தான். நூடில்ஸ் பக்கம் ஏதோ சரசரத்தது. எட்டிப் பார்த்தோம். மஞ்சள் மேலங்கி.

"அண்ணை, என்ன செய்யிறியள்?" என்று குணம் அண்ணை கத்தினார்.

"திருப்பி வைக்கிறன்."

"அது தெரியுது. ஏன்?"

"முன்பக்கம் விளம்பரம். பின்பக்கம் வாக்குமூலம். சனம் வாக்குமூலத்தை வாசிக்கட்டும்."

"வாசிச்சா பிறகு ஆர் வாங்குறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த நூடில்ஸையும் திருப்பி வைத்தார்.

குணம் அண்ணை அவரைக் கடைக்குள் வர வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். "ஒரு பிடி கறிவேப்பிலை வாங்கவும் விடமாட்டியளோ?" என்று வாசலில் பாவமாய் நிற்பார். விட்டால், வாசலிலிருந்து கறிவேப்பிலைப் பெட்டிவரை போகிற தூரத்துக்குள் பன்னிரண்டு பக்கெற் திரும்பியிருக்கும். கடைசியில் குணம் அண்ணை ஒரு யுக்தி செய்தார். அதிகம் விலைபோகிற, பாலில் கரைத்துக் குடிக்கிற மோல்ற் தூள் ரின்களை எல்லாம் மேல் தட்டில் ஏற்றிவிட்டார். அங்கிளுக்கு எட்டாது. அவர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார், எம்பிப் பார்ப்பார், பிறகு உயரமான ஆளாய் யாராவது வந்தால், "தம்பி, உந்த ரின்னை ஒருக்கா மற்றப் பக்கம் திருப்பிவிடுறீரோ, புண்ணியமாப் போகும்" என்று கேட்பார்.

அவருடைய ஆங்கிலம் முழுக்கப் பக்கெற்றின் முதுகிலிருந்து பொறுக்கியது. பஸ் சாரதி இறங்கும்போது நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தினால், இவர் பதிலுக்கு, "ஸ்ரோர் இன் எ கூல் ட்றை பிளேஸ்" என்பார். குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும். சாரதி கையைக் காட்டிவிட்டுப் போவார். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கி, "கீப் எவே ஃப்ரொம் டிரெக்ற் சன்லைற்" என்று ஆசீர்வாதம் செய்ததை நான் என் காதால் கேட்டேன். மாப்பிள்ளை நன்றி சொன்னார், பாவம்.

பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்கு அவரை அழைப்பவர்கள் குறைவு. அழைத்த ஒரு வீட்டில் நடந்தது இது. மண்டபம் எடுத்து, மூன்றடுக்குக் கேக் வைத்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஒறேஞ் பானப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டியில் பெரிய தோடம்பழம், அதன்மேல் பனித்துளி. அங்கிள் மெதுவாக எழுந்து வெளியே குப்பைத் தொட்டிக்குப் போய், வெறும் பெட்டி ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தார். மைக் சும்மா இருந்தது. வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற அதே குரலில் தொடங்கினார்.

"தண்ணீர். சீனி. தோடம்பழச் சாறு, நூற்றுக்கு ஐந்து. அமிலச் சீராக்கி, இலக்கம் முந்நூற்று முப்பது. நிறமூட்டி, இலக்கம் நூற்றுப்பத்து. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

பிறந்தநாள் பிள்ளை கைதட்டியது. அதற்கு ஒரு வயது. தகப்பன் வந்து மைக்கைப் பறித்தார்.

இனித் தமிழ்ப் பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் ஒரு உயர்நிலைப் பள்ளியை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். இடைவேளைக்குக் கன்ரீன் உண்டு. பெற்றோர் முறை வைத்து ரோல்ஸும் பற்றிசும் சிப்ஸும் விற்போம். குளிர்காலத்தில் சுடச்சுட மோல்ற். எங்கள் விளையாட்டுப் போட்டிக்கு உபயம் செய்கிற இறக்குமதி முதலாளி அந்த ரின்களை இலவசமாகவே அனுப்புவார். அங்கிளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லை. ஆனாலும் வந்து பெரிய பானைகளைக் கழுவித் தருவார். பானை கழுவ வருகிற ஆளை யாராவது வேண்டாம் என்பார்களா? நாங்களும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் தராசு ஒன்றோடு வந்தார். குசினியில் மா நிறுக்கிற சின்ன இலத்திரனியல் தராசு. பக்கத்தில் ஒரு பை சீனி, அடுக்காய்ப் பேப்பர் தட்டு. பிள்ளை கொண்டுவருகிற பக்கெற்றின் முதுகைப் பார்ப்பார், அதில் எத்தனை கிராம் சீனியோ அத்தனையையும் தட்டில் நிறுத்துக் குவிப்பார். அவ்வளவுதான் வித்தை. ஆனால் பிள்ளைகள் பைத்தியமாகிவிட்டார்கள். "அங்கிள், டூ மைன்! டூ மைன்!" என்று வரிசை கட்டினார்கள். யாருடைய குவியல் பெரிது என்று போட்டி வேறு. அடுத்த கிழமை நாலாம் வகுப்பு ரீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். "எனக்குப் பிடித்த உணவு" என்று கட்டுரை கொடுத்திருக்கிறார். ஒரு பையன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தானாம். "தெரியாது, முதலில் பின்பக்கம் பார்க்க வேண்டும்."

நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் மகளின் முறை வரும் வரைக்கும்.

நிலாவுக்கு அப்போது ஏழு வயது. ஈர்க்குக் குச்சி மாதிரி இருப்பாள். மெலிந்த பிள்ளையைப் பெற்ற தமிழ்த் தாய் இந்த உலகத்தில் படுகிற பாட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயிலில் சுண்டலுக்குக் கை நீட்டினால்கூட, பக்கத்தில் நிற்கிற அன்ரி பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "என்ன பிள்ளை, சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்பார். சுவாமி காது கேளாதவர் என்பதுபோல அதை உரத்துத்தான் சொல்வார். நிலா சோறு என்றால் வாயைப் பொத்துவாள். மோல்ற் என்றால் மட்டும் மடக்கு மடக்கென்று குடிப்பாள்.

எனக்கும் அந்த ரின்னுக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது. சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரேயொரு ரின் இருந்தது. காய்ச்சல் வந்தவருக்கு மட்டும் ஒரு கரண்டி. நானும் தம்பியும் கமக்கட்டுக்குள் வெங்காயம் வைத்து வெயிலில் நின்று காய்ச்சல் வரவைக்கப் பார்த்தோம். காய்ச்சல் வரவில்லை, அடிதான் வந்தது. அப்படிப்பட்ட எனக்கு இங்கே தட்டு நிறைய ரின், போதாக்குறைக்கு நாலரை நட்சத்திரம். என் பிள்ளைக்கு ஒரு கரண்டியா போடுவேன்?

அன்றைக்குக் கன்ரீன் முறை எனக்கு. பின்னால் தாய்மார் நிறைந்து நிற்கிறார்கள். நிலா தன் போத்தலைக் கொண்டுபோய் அங்கிளிடம் நீட்டினாள்.

"உதுக்குள்ளை என்ன தங்கச்சி?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"மோல்ற் அண்ணை. உங்கட பேர்தான், நாலரை."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எந்தப் பாலிலை கரைக்கிறியள்?"

"முழு ஆடைப் பால்தான்."

"எத்தினை கரண்டி?"

"நாலு. குவிச்சு."

"சீனி?"

"ரெண்டு. இல்லாட்டி வாயிலை வைக்க மாட்டாள்."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"காலமை ஒண்டு, பள்ளிக்கு ஒண்டு, படுக்கேக்கை ஒண்டு."

"படுக்கேக்கை... பல்லுத் தீட்டினாப் பிறகோ?"

"பிறகுதான். பிள்ளையை வெறும் வயித்தோடை படுக்க விடேலுமோ?"

அவர் கன்ரீன் மேசையில் இருந்த ரின்னை எடுத்து, முகப்பை என் பக்கம் திருப்பினார். பூதக்கண்ணாடியை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். அந்த நாலரைக்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி இருந்தது. ஆடை நீக்கிய பாலில், சொன்ன அளவுக்குக் கரைத்தால்.

"நட்சத்திரம் தூளுக்கில்லைத் தங்கச்சி, பாலுக்கு. மாடு உழைச்ச நட்சத்திரத்தைத் தூள் தன்ரை நெஞ்சிலை குத்திக்கொண்டு நிக்குது. தூளைத் தனியாப் பாத்தா ஒண்டரைதான் வரும். பிள்ளையின்ரை பல்லுப் போயிடும். வேறை ஒண்டும் வேண்டாம், படுக்கேக்கை குடுக்கிறதையெண்டாலும் நிப்பாட்டுங்கோ."

அதோடு விட்டிருக்கலாம். தராசை எடுத்தார். என் கணக்கின்படி என் பிள்ளையின் ஒரு நாள் சீனியைத் தட்டில் குவிக்கத் தொடங்கினார். குவித்தார், குவித்தார், தட்டு வளைந்தது. நிலா கண்ணை விரித்து, "அம்மா, இஸ் தற் ஓல் இன் மீ?" என்று கேட்டாள். ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோயில் அன்ரியும் அங்கே நின்றார். நல்ல தாய் என்ற பெயர் வாங்கத்தான் நான் நாலு கரண்டி போட்டேன். அந்தப் பெயர் பேப்பர் தட்டில் வெள்ளையாய்க் குவிந்து கிடந்தது.

அன்று மாலையே பள்ளிக்கூடக் கொமிற்றிக்குக் கடிதம் எழுதினேன். "நாலரை அங்கிள் என அழைக்கப்படும் நபர்" என்றுதான் எழுதினேன், பெயர் தெரியாதே. பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார், தாய்மாரை அவமானப்படுத்துகிறார், உபயகாரரின் பொருளைப் பழிக்கிறார். நல்ல தமிழில், ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். அடுத்த கிழமை கொமிற்றி கூடியது. அவரையும் கூப்பிட்டு ஒரு கதிரையில் உட்காரவைத்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன்.

"கலியாணம், குடும்பம், பிள்ளை குட்டி ஒண்டும் இல்லாத ஆளுக்கு வளர்க்கிறவையின்ரை வருத்தம் என்ன தெரியும்?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம். தங்கச்சி சொல்லுறது சரி. எனக்கு வளர்க்கத் தெரியாதுதான்" என்றார். எழுந்தார். கன்ரீன் ஏப்ரனைக் கழற்றி நாலாய் மடித்து மேசையில் வைத்தார். போகிற போக்கில் மோல்ற் ரின்னை ஒரு கையால் மறுபக்கம் திருப்பிவிட்டுப் போனார். நான் உடனே போய் அதை நேராக்கி வைத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

ஆறு மாதம் போயிருக்கும். நிலா ஒரு பக்கத்தால் மட்டும் சப்பத் தொடங்கினாள். பிறகு கன்னம் வீங்கியது. பல் வைத்தியர் ஒரு இளம் பெண். வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, என்ன குடிக்கக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் சொன்னேன். நாலரை நட்சத்திரம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன், அப்போதும்! அவள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள். பிறகு, படுக்கும்போதா, பல் தீட்டிய பிறகா என்று கேட்டாள். அதே கேள்வி, அதே ஒழுங்கில்.

பாற்பற்கள் ஆறு. ஊசி போட்டு விறைக்கப்பண்ணிச் சரிவராது, ஆஸ்பத்திரியில் மயக்கித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். முகமூடியை வைக்கும்போது நிலா என் விரலைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வெளியே கதிரையில் இருந்து என்னையே தூஷணத்தால் ஏசினேன். முடிந்ததும் ஒரு சின்ன பிளாஸ்ரிக் டப்பியில் போட்டுத் தந்தார்கள். கறுத்துப்போன ஆறு பல். எங்கள் ஊரில் விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்போம். இதை எந்த அணிலிடம் கொடுப்பது? வெட்கக்கேடு. டப்பியை என் கைப்பையில் ஒளித்து வைத்தேன்.

அடுத்த நாள் குணம் அண்ணையிடம் போய், நாலரை அங்கிள் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டேன். "ஏன், இன்னுமொரு கடிதமோ?" என்றார். விலாசம் தந்தார். ஒரு களஞ்சியம். கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற பெட்டிகளை அங்கேதான் பிரிப்பார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி பக்கெற்றின் பின்னால் என்னென்ன எத்தனை கிராம் என்று அட்டவணை இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்ரிக்கர் ஒட்டித்தான் கடைகளுக்கு அனுப்புவார்கள்.

நீளமான மேசை. மேசையில் மோல்ற் ரின்கள் வரிசையாய் நிற்கின்றன. அங்கிள் ஒரு கையால் ரின்னைச் சுழற்றுகிறார், மறுகையால் ஒட்டுகிறார். பின்னால் ஒரு வெள்ளை ஸ்ரிக்கர். முன்னால் ஒரு சின்ன ஸ்ரிக்கர். நாலரை நட்சத்திரம்.

மன்னிப்புக் கேட்கப் போன எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நீங்களே? நீங்களே அண்ணை உதை ஒட்டுறியள்?"

"ஓம் தங்கச்சி." அவர் கை நிற்கவில்லை. "வேலை நாளிலை ஒட்டுறன். சனி ஞாயிறு போய்த் திருப்பி வைக்கிறன்."

"ஒட்டாமல் விட்டா என்ன?"

"இன்னொருத்தன் ஒட்டுவான். அவன் திருப்பி வைக்க மாட்டான்."

"ஆரிட்டையும் சொல்லலாமே. அரசாங்கத்துக்கு எழுதலாமே."

"எழுதினா பேர் போடோணும். நான் படகிலை வந்தனான். தற்காலிகமா இருக்க விடுற பிரிட்ஜிங் விசாதான். பிறகு, சட்டப்படி இதிலை பிழை இல்லைத் தங்கச்சி. பாலின்ரை கணக்கையும் சேர்க்க விடுறாங்கள்." சட்டைப் பைக்குள் இருந்து தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பெண்பிள்ளை, வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். "மகள். விட்டிட்டு வரேக்கை நாலு வயசு. இப்ப பத்து. போனா நான் திரும்பி வரேலாது, கூப்பிடவும் விடமாட்டாங்கள். ஒண்டும் செய்யேலாத தகப்பன்தானே, வந்த புதுசிலை மாசா மாசம் உந்த ரின்னை அனுப்பினன். நட்சத்திரத்தை நம்பி. அப்ப எனக்குப் பின்பக்கம் வாசிக்கத் தெரியாது. ஒருநாள் வீடியோவிலை சிரிச்சாள். பாத்தன். அதுக்குப் பிறகுதான் பூதக்கண்ணாடி வாங்கினனான்."

நான் கைப்பைக்குள் இருந்த டப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் பார்த்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "கடைவாய்ப் பல்லும் போயிட்டுதோ? பிள்ளைக்கு நல்லா நொந்திருக்குமே" என்று மட்டும் கேட்டார். நான் அந்த ரின்களுக்கு நடுவில் நின்று அழுதேன். அவர் எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ அண்ணை. நான் கடிதத்தைத் திருப்பி எடுக்கிறன்."

"பாப்பம். இப்ப ரெண்டு நாள்தான் வேலை தருகினம். ரெண்டு நாள் ஒட்டினா ஐஞ்சு நாள் திருப்பி வைக்கலாம். லாபம்தானே?" என்று சிரித்தார். வாசல்வரை வந்து, "ஸ்ரோர் இன் எ கூல் ட்றை பிளேஸ்" என்று வழியனுப்பினார். அப்போதும் அவருடைய பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கொமிற்றித் தலைவரிடம் போனேன். கடிதத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். மனிதர் காதைச் சொறிந்தார்.

"அதை நான் அப்பவே முதலாளிக்கு அனுப்பிப்போட்டன் தங்கச்சி. அவர்தானே எங்களுக்கு உபயம். அவரிட்டை வேலை செய்யிற ஆள் அவரின்ரை பொருளையே பழிச்சா, சொல்லாமல் இருக்கேலுமோ? உங்கட கடிதம் நல்ல வடிவா எழுதியிருந்தது."

அவருடைய ஐந்து நாள் வேலை ஏன் இரண்டு நாள் ஆனது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலைவரோடு ஒரு மாதம் சண்டை பிடித்தேன். இம்முறை சரியான ஆளோடு. கடைசியில், அவர் திரும்பக் கன்ரீனுக்கு வரலாம் என்று கொமிற்றி முடிவெடுத்தது. அதைச் சொல்லக் களஞ்சியத்துக்கு ஓடினேன். மேசையில் வேறொரு தம்பி நின்று ஒட்டிக்கொண்டிருந்தான். "அந்த ஐயாவை நிப்பாட்டியாச்சு அக்கா. சிட்னிப் பக்கம் போனதாக் கதை" என்றான். தேடுவதென்றால் யாரென்று தேடுவது? நாலரை என்றா? ஒரு மனிதரின் வேலையை எடுக்குமளவுக்கு அவரைப் பற்றி எழுதத் தெரிந்த எனக்கு, அவருடைய பெயர் தெரியாது.

பாலின் கணக்கையும் சேர்க்கிற அந்த விதியைப் பிறகு மாற்றிவிட்டார்கள். ரின்னின் நெஞ்சில் இருந்த நாலரை காணாமல் போனது. அங்கிளை யாரும் நினைக்கவில்லை. குணம் அண்ணை மட்டும் ஒருநாள், "கறிவேப்பிலை இப்ப மிஞ்சுது பிள்ளை" என்றார்.

நிலாவுக்கு இப்போது பதினாலு. பாற்பல் வேளைக்குப் போனதால் புதுப்பற்கள் இடம் தெரியாமல் முளைத்து, வாய் நிறையக் கம்பி கட்டியிருக்கிறாள். ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். ஆனால் கடைக்குள் போனால் அவள் கை சும்மா இருக்காது. நடந்தபடியே பக்கெற்றுகளைத் திருப்பிக்கொண்டு போவாள். நான் பார்க்காதது மாதிரிப் பின்னால் வருவேன்.

போன கிழமை சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து என் கூட்டாளி சுகந்தி கோல் எடுத்தாள். ஊர்க்கதை எல்லாம் கதைத்து முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் சொன்னாள்.

"இஞ்சை ஒரு பகிடி கேட்டியோ? எங்கட தமிழ்க் கடையிலை ஆரோ ஒரு விசரன், பிஸ்கற் பக்கெற் எல்லாத்தையும் மற்றப் பக்கம் திருப்பி வைச்சிட்டுப் போறானாம். கறிவேப்பிலை வாங்க வாற சாட்டிலையாம். கடைக்காரர் சரியான கோவத்திலை நிக்கிறார். கமெரா பூட்டிப் பிடிக்கப் போறாராம்."

"மஞ்சள் மேலங்கியோ?" என்று கேட்டேன்.

"ஓம்! உனக்கெப்பிடித் தெரியும்?"

தொலைபேசியைச் சத்தமாக வைத்திருந்ததால் நிலாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பிப் பல் தெரிய எழும்பி வந்து, "அம்மா, ஆஸ்க் ஹிஸ் நேம். ப்ளீஸ், ஆஸ்க் ஹிஸ் நேம்" என்று என் தோளை உலுக்கினாள்.

"சுகந்தி, அவரின்ரை பேரைக் கேட்டுச் சொல்லு. கடைக்காரரிட்டையும் சொல்லு, கமெரா ஒண்டும் வேண்டாமாம்" என்றேன். "ஒரு கதிரை போட்டுக் குடுக்கச் சொல்லு. அவருக்கு மேல் தட்டு எட்டாது."